தவசீலிக்கு ஜோடி

வாலிபாலுக்கு அணி பிரிக்க, சம பலமுள்ள இருவர் தள்ளிப்போய் ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவோம். கேப்டன் கேட்கும் பெயர்க்காரி அவள் அணி, மற்றவள் எதிரணி. அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் தவசீலிக்கு மட்டும் ஜோடி அமையவில்லை. கடைசியில், ஓங்கி அடிக்கிற நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அவளுக்கு ஜோடியானோம்.

"மின்னல் வேணுமா, மழை வேணுமா?"

"மழை" என்றாள் கேப்டன் பூரணி. மழை நாங்கள். "மூணு பேருடி!" என்று குதித்தாள்.

தவசீலி வலைக்கு அந்தப் பக்கம் போனாள். ஒருநாளும் ஒழுங்காக அடித்திராத செல்வராணியின் தலைக்கு மேலே, மரத்தில் காய்த்ததுபோல் ஒரு பந்தை நிறுத்தி வைத்தாள். செல்வராணி அடித்தாள். எங்கள் மூவருக்கும் நடுவே விழுந்தது. எனக்கே கைதட்டத் தோன்றியது.

அடுத்த பந்துக்கு மூவரும் கையை ஓங்கியபடி எழும்பினோம். தூக்கிக் கொடுக்க யாருமில்லை.