அப்பா கட்டிலின் எடை

எங்கள் கேரவன் வீடு யாரையும் விட்டுவிட்டுக் கிளம்பாது. அவரவர் கட்டிலில், நேற்று இரவு படுத்தபோது இருந்த அதே எடை இருந்தால்தான் சக்கரம் உருளும்.

இன்று காலை கடல் உப்பளத்தைத் தாண்டி ஏறி வந்தது. பக்கத்து வீடுகளெல்லாம் கிளம்பிப் போய்விட்டன. வேலைக்குப் போன அப்பா, பாலம் உடைந்து அக்கரையில் மாட்டிக்கொண்டார். போனில் அம்மாவிடம் கத்தினார்.

“ஏ ரெஜினா, என் கட்டில்ல தண்ணி கேன வச்சுட்டுக் கெளம்பு. நான் மேட்டுலதான் நிக்கேன், பின்னால வந்துருதேன்.”

“எத்தன கிலோ வைக்க?”

“எழுபது.”

“கல்யாணத்தன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க” என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

இருபது லிட்டர் கேன் மூன்றும் பத்து லிட்டர் குடம் ஒன்றும் வைத்துவிட்டு, எங்கள் கட்டில்களில் உட்கார்ந்தோம்.

“அப்பா கட்டிலில் எடை அதிகம்” என்றது வீடு.

குடத்தை இறக்கினேன். அதையே சொன்னது. தண்ணீர் வாசற்படியைத் தொட்டது. ஒரு கேனைத் திறந்து செம்பு செம்பாக வெளியே ஊற்றினேன். ஒவ்வொரு தடவையும் என் கட்டிலுக்கு ஓடிப்போய் உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் ஊற்றிய பிறகுதான், “எல்லோரும் வந்தாயிற்று” என்று சொல்லி வீடு நகர்ந்தது.

அம்மா கேன்களையே பார்த்தாள். ஐம்பது கிலோகூட இல்லை. போனைக் காதருகே கொண்டுபோனாள்.

“ஏங்க, தெனமும் வெளிய சாப்பிட்டேன்னு சொன்னீங்களே, எங்க சாப்பிட்டீங்க?”

அப்பா, “வண்டி நகருதா?” என்று மட்டும் கேட்டார்.