முன்பெஞ்சின் சூடு

ஊர்த் தேவாலயத்தில் முன்பெஞ்சு விண்டில் குடும்பத்துக்கு, அதற்குப் பின்னால் உள்ளது தார்ன்லி குடும்பத்துக்கு. ஆம்புரோஸ் தார்ன்லியின் வீட்டார் மூன்று தலைமுறையாக விண்டில்களின் பிடரியைப் பார்த்துக்கொண்டே ஜெபம் செய்து வந்தார்கள்.

இங்கிலாந்து அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் வந்ததும் தார்ன்லி நாடாளுமன்றத்தின் பக்கம் சேர்ந்து மாவட்டக் குழுவில் இடம்பிடித்தார். முன்பெஞ்சுக்காரர் ஜெர்வஸ் விண்டிலை, அரசர் படைக்குக் குதிரைகள் அனுப்பியதாகக் காட்டிக்கொடுத்தார். அனுப்பியதெல்லாம் கிழட்டுக் குதிரைகள்தான். ஆனாலும் விண்டிலைச் சுட்டுக் கொல்ல உத்தரவாயிற்று.

சுவரோரம் நிறுத்தப்பட்ட விண்டில் தார்ன்லியைப் பார்த்துச் சிரித்தார். "பெஞ்சுக்காகத்தானே ஓய் இவ்வளவும்? நான் எந்திரிச்சதும் உக்காரும்."

அடுத்த ஞாயிறே தார்ன்லி முன்பெஞ்சில் அமர்ந்தார். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் பலகை சூடாக இருந்தது. மெத்தை போட்டார். பலகையையே மாற்றினார். உறைபனிக் காலையில், கோயில்பிள்ளை கதவைத் திறந்ததும் முதல் ஆளாக நுழைந்து உட்கார்ந்தார். அப்போதும் சூடு. இடம் என்னுடையது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் பலகை சில்லென்றிருந்தது.

"ஒழிஞ்சான்" என்று முணுமுணுத்தார். அன்று சங்கீதத்தை எல்லோரையும்விட உரக்கப் பாடினார்.

வீடு திரும்பியபோது, காய்ச்சலால் கோயிலுக்கு வராத மனைவி பிலிப்பா எச்சில் தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மறுபடியும் பசியா? இப்பத்தானே ஆட்டுத்தொடை முழுசையும் தின்னுட்டு மாடிக்குப் போனீங்க?"

தார்ன்லி தன் நாற்காலியில் கை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது.

மாடியில், அவருடைய படுக்கையறையில், யாரோ பூட்ஸைக் கழற்றிப் போட்டார்கள். முதலில் ஒன்று. பிறகு, நிதானமாக, மற்றொன்று.