ரெண்டு மணிப் பயிற்சி

"கடைசி வரி இன்னும் சரியா வரலே. நாளைக்கும் ரெண்டு மணிக்கு எல்லாரும் வந்துடுங்க" என்றார் பாஸ்டர் வென்டல்.

லவோனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளக்கிறது. உச்சி வெயிலில் தினமும் சர்ச்சுக்கு வந்து பாட்டுப் பயிற்சியாம்! அதுவும் இருபது வருஷமாகப் பாடுகிற பாட்டுக்கு! 'ஆமென்' கூடச் சுதி சேராமல் சொல்கிற மனுஷன், பாடகர் குழுத் தலைவியான அவளுக்கே பாடம் எடுக்கிறார்.

"யாரு பாஸ்டர் தப்பாப் பாடினது?"

"ஒடெல்லாம்மாதான்."

எண்பது வயது ஒடெல்லாம்மா சிரித்தார். "சரி, நாளைக்கும் வந்து பாடிட்டாப் போச்சு."

கிழவி சுத்தமாகப் பாடியதை லவோன் தன் காதாலேயே கேட்டாள்.

"நாளையோட இதுக்கு ஒரு முடிவு கட்டிடறேன்" என்று மற்றவர்களிடம் கிசுகிசுத்துவிட்டு, ஒடெல்லாம்மாவைக் காரில் கொண்டுபோய் வீட்டில் விட்டாள்.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஏ.சி.யைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார் ஒடெல்லாம்மா.

"ஐயோ, ஏ.சி. போடறதில்லையா? போன வருஷம் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில கிடந்தது மறந்துபோச்சா?"

"போட்டா பாதி பென்ஷன் கரண்டு பில்லுக்கே போயிடுது. முப்பது வருஷம் வெள்ளைக்காரங்க வீட்ல சமைச்சேனே, அது இதைவிடப் பெரிய வீடு, பில்லு இதைவிடக் கம்மி! அங்க ஜன்னல் இறுக்க மூடும், குளிரு வெளிய போகாம சுவருக்குள்ள பஞ்சு அடைச்சிருக்கும். நம்ம கறுப்பு ஜனங்க தெருவுக்கு அதெல்லாம் செய்ய எந்த பேங்க் கடன் குடுத்துச்சு? நான் ஏ.சி. போட்டா தெருவுக்குத்தான் குளிரும், எனக்கு வேர்க்கும்!"

"நகராட்சியில வெயிலுக்கு ஒதுங்க ஏ.சி. ஹால் திறந்து வச்சிருக்காங்களே?"

"போடி! அங்க போய் அநாதையாட்டம் உக்காரவா? பில்லைக் கட்டறேன்னு பாஸ்டரே வந்தாரு. வாசலோட திருப்பி அனுப்பிட்டேன். பாட வான்னு கூப்பிட்டா மட்டும் நான் வராம இருந்ததே இல்லை."

லவோன் துணி மூடிய ஏ.சி.யைப் பார்த்தாள். ரெண்டு மணிக்கும் ஏ.சி.யில் சில்லென்றிருக்கும் சர்ச் ஹாலை நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். "போதும் பாஸ்டர், விட்டுடுங்க!"

பாஸ்டர் பரிதாபமாக லவோனைப் பார்த்தார். "சிஸ்டர், நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

ஒடெல்லாம்மா கடைசி வரியைப் பாடினார். அத்தனை சுத்தம். லவோனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சுத்தத் தப்பு!" என்று அதட்டினாள் லவோன். "செப்டம்பர் முடியற வரைக்கும் தினம் ரெண்டு மணிக்கு வந்தாத்தான் இது தேறும்!"