பால் கரண்டி

முத்தாபுதுப்பேட்டைக் கீற்றுக்கொட்டகையில் பால்பவுடர் கரைத்த அண்டாவிலிருந்து ஆவி பறக்கிறது. சேவா சங்கம் பயிற்சி கொடுத்துப் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றும் பொறுப்பாளராகப் போட்டிருக்கும் நாகவல்லி, முதல்நாள், கரண்டியோடு நிற்கிறாள். சேரிப்பெண். ஊர்த்தெருத் தாய்மார்கள் பிள்ளைகளின் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அலுமினியக் குவளைகள் வெயிலில் காலியாக மின்னுகின்றன. “இன்னாமே, கரண்டிய வச்சிட்டு அப்பால போ. டீச்சரம்மா ஊத்தட்டும்” என்கிறாள் அவர்களில் முன்னால் நிற்கும் கன்னியம்மாள். “இனிமே நான்தாங்க்கா இங்க...” “ஆமா, இவ பெரிய கலெக்டரு!” சிரிக்கிறார்கள். ஒரு குழந்தை பாலைப் பார்த்து அழுகிறது. பயிற்சி கொடுத்த டீச்சரம்மா நாகவல்லியின் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டுகிறாள். நாகவல்லி கரண்டியைக் கொடுத்துவிட்டு நகர்கிறாள். பிள்ளைகள் முண்டியடித்து ஓடிவருகிறார்கள். “தள்ளாதீங்கடா, பால் சுடும்” என்று கத்துகிறாள் நாகவல்லி, யார்மேலும் பட்டுவிடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.