தாளின் தலையில்

கடிதம் எழுத உட்கார்ந்தால் வடிவு முதலில் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடுவாள். பள்ளிக்கூடத்தில் படிந்த பழக்கம். அணுகுண்டை எதிர்த்து நாடு நாடாகப் பேசும் அந்த வெளிநாட்டுத் தத்துவ மேதைக்கு எழுதிய பதினோரு ஆங்கிலக் கடிதங்களிலும் போட்டிருந்தாள். அவரோ கடவுள் இல்லை என்று புத்தகம் புத்தகமாக எழுதியவர். இன்று வந்த பதிலில், தாளின் தலையில் அவரே ஒரு சுழி போட்டிருந்தார். ‘உங்கள் ஊரின் சமாதான அடையாளமா இது? அழகாயிருக்கிறது. அதிபர்களுக்கு எழுதும்போதும் போடலாமா?’

கணவர் சங்கரபாகம் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏட்டி, அந்த மனுசனையே தோப்புக்கரணம் போட வச்சிட்டியே! உள்ளதச் சொல்லிரு.”

“கோவத்துல கடுதாசிய நிறுத்திட்டாருன்னா?”

“அதுக்காக ஏமாத்துவியாக்கும்?”

வடிவு புதுத்தாள் எடுத்தாள். யோசிக்கும் முன்பே கை சுழியைப் போட்டுவிட்டது. அதன் கீழே எழுதினாள்: ‘ஐயா, தொடங்கும் காரியம் தடங்கலில்லாமல் முடிய நாங்கள் இதைப் போடுவோம். அதிபர்களுக்கு எழுதும்போது அவசியம் போடுங்கள்.’

சங்கரபாகம் எட்டிப் பார்த்தார். “யாரு பேரச் சொல்லிப் போடுதோம்னு எழுதலியே?”

“கேட்டா சொல்லுதேன்” என்று உறையை ஒட்டினாள் வடிவு.