டிரம் இல்லாத ரெக்கார்டு

அம்மா செத்து மூன்று வாரம் கழித்து, அவளுடைய மாற்றுத்துணிப் பையை எடுத்துவர டாக்டர் வீட்டுக்குப் போனேன். பதினோரு வருடம் அந்த வீட்டைக் கூட்டியவள். அந்தத் துடைப்பம்தான் என்னைப் பட்டதாரி ஆக்கியது.

டாக்டரும் நண்பர்கள் மூவரும் வழக்கம்போல் சோபாவில் கண்ணை மூடி ஜாஸ் ரெக்கார்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அம்மாவோட பையை எடுக்க வந்தேன்.”

“எந்த அம்மா?” என்றார் ஒருவர்.

“இந்த ரூமைக் கூட்டின அம்மா. ஒரு நாளாவது அவளைக் கவனிச்சிருக்கீங்களா சார்?”

“உஷ்! ரெக்கார்டு ஓடுதுல்ல?”

பதில் வாங்காமல் நகர்வதில்லை என்று நின்றேன். ரெக்கார்டில் பியானோ இசைக்கு அடியில் சர், சர் என்று ஒரு சத்தம்.

“டிரம்மைப் பிரஷ்ஷால என்னமா தடவுறான் பாருங்க!” என்று உருகினார் டாக்டர்.

மேஜைமேல் கிடந்த ரெக்கார்டு உறையைப் பார்த்தேன். பியானோ, பாஸ், டிரம்பெட். வாசித்தவர்கள் மூன்றே பேர். டிரம் இல்லை.

இரண்டு குட்டை இழுப்பு, ஒரு நீள இழுப்பு. முட்டிவலியோடு அம்மா அப்படித்தான் கூட்டுவாள்.

சத்தம் இடது ஸ்பீக்கரிலிருந்து வலது ஸ்பீக்கருக்கு மெல்ல நகர்ந்தது. நால்வரும் கண்ணைத் திறக்காமலே, ஒருவர் பின் ஒருவராகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.