காற்று படாத இடம்

அவுரித் தாழியிலிருந்து எடுக்கும்போது துணி பச்சையாகத்தான் இருக்கும். காற்று பட்ட பிறகுதான் நீலமாகும். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கப்பலுக்குச் சாயம் போடுகிற வீடுகளில், ஈரத்துணியை ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிவார்கள். இருசம்மாளுக்கு மறுமுனை பிடித்தவன் அவள் புருசன் தருமன். வலது கையில் சுண்டுவிரல் கிடையாது. ஆனாலும் அவன் பிடித்தால் துணி நழுவாது.

கப்பலுக்கு மூட்டை ஏற்றப்போன படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தபோது அவன் மட்டும் கரை சேரவில்லை. அதற்குப் பிறகு மறுமுனையைக் கம்பத்தில் கட்டித்தான் பிழிகிறாள்.

இன்றும் அப்படிப் பிழிந்துதான் கொடியில் போட்டாள். துணி முழுக்க நீலமாகிவிட்டது. கம்பத்தில் கட்டியிருந்த முனையில் மட்டும் ஒரு கைத்தடம் பச்சையாகவே நின்றது. கட்டைவிரல், அப்புறம் மூன்று விரல்.

மீன் கொண்டுவந்த பவுனம்மாள் குனிந்து பார்த்தாள்.

"இன்னாடி, இங்க மட்டும் நீலம் ஏறல?"

"காத்து படல."

"வெட்டவெளிலதானே தொங்குது?"

இருசம்மாள் மீனை வாங்கி வைத்தாள். பவுனம்மாள் போன பிறகு அடுத்த துணியைத் தாழியிலிருந்து எடுத்தாள். கம்பத்தில் கட்டாமல் மறுமுனையை அப்படியே எதிரே நீட்டினாள்.

துணி மணலில் விழவில்லை.